வெளுத்த குஷனுக்கு மறுபடியும் வண்ணம்

பால்கனியிலும் மொட்டை மாடியிலும் போட்ட பிரம்பு நாற்காலி பல வருடம் உழைக்கும். அதன் குஷன்தான் சீக்கிரம் வெளுத்துப்போகும். துணி கிழியாமல் நிறம் மட்டும் போயிருந்தால் புது உறை தைக்கக் கொடுக்கத் தேவையில்லை. ஃபேப்ரிக் பெயின்ட் பூசியே அதை மீட்டுவிடலாம்.

முதலில் துணியைச் சோதியுங்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சாயத்தைச் சிதைப்பதோடு நூலையும் நைந்துபோகச் செய்கிறது. ஓர் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். நூல் விட்டுக்கொடுத்தாலோ தூளாக உதிர்ந்தாலோ பெயின்ட் வாங்குவது வீண். ரெக்சின் உறையிலும் இது வேண்டாம். சில நாளில் உரிந்துவிடும்.

சாயப்பொடி போட்டு முக்கினால் என்ன என்று பலர் கேட்பார்கள். பருத்தி என்றால் சரி. ஆனால் வெளியில் போடும் குஷன்களில் பெரும்பாலானவை பாலியஸ்டர். ஆலைகளில் அழுத்தத்தோடு 130 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றித்தான் அதற்குச் சாயம் ஏற்றுகிறார்கள். வீட்டு அடுப்பில் அது நடக்காது. எந்தத் துணி என்று தெரியாவிட்டால், உள்பக்கத்திலிருந்து ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பெயின்ட் நூலுக்குள் போவதில்லை. அதிலுள்ள அக்ரிலிக் பசை நிறமியை நூலின் மேல் ஒட்டிவைக்கிறது. அதனால் இரண்டு துணியிலும் நிற்கும்.

ஒட்ட வேண்டுமென்றால் துணி சுத்தமாக இருக்க வேண்டும். உறையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் துவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காயவிடுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது ஊறாமல் உருண்டு நின்றால், தண்ணீர் ஒட்டாத பூச்சு இன்னும் துணியில் இருக்கிறது; மறுபடி துவைத்தாக வேண்டும்.

பூசுவதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். பெயின்டைக் குப்பியிலிருந்து அப்படியே தடவினால் துணி அட்டை போல விறைத்து, மடிப்பில் வெடித்துவிடும். முதல் பூச்சு மோர் பதத்தில் இருக்கட்டும்: ஒரு பங்கு பெயின்டுக்கு அதிகபட்சம் ஒரு பங்கு தண்ணீர். அதற்கு மேல் போனால் பசை நீர்த்துப் பிடிப்பு குறையும். தண்ணீர் தெளித்து துணியை லேசாக ஈரமாக்கிக்கொண்டு, அகலமான தூரிகையால் நெசவுக்குள் இறங்கும்படி தேயுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும், கவலைப்படாதீர்கள். காய்ந்ததும் கைக்குச் சொரசொரப்பாக இருந்தால், மெல்லிய உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அடுத்ததைப் பூசுங்கள். தடிமனான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகள் எவ்வளவோ மேல்.

எல்லாக் குஷனுக்கும் வேண்டிய வண்ணத்தை ஒரே பாத்திரத்தில் கலந்துவிடுங்கள். பாதியில் தீர்ந்துபோனால் அதே நிறத்தை மறுபடி கலந்து பிடிப்பது கடினம். சேலை ஓரத்துக்கு வாங்கும் 10, 15 மில்லி குப்பிகள் இதற்குக் காணாது. பெரிய பாட்டிலாகக் கேளுங்கள். பழைய நிறத்தைவிட அடர்ந்த நிறமே நன்றாக மூடும். பழைய பூ வடிவமோ கோடோ வெளிர் நிறத்தின் அடியிலிருந்து எட்டிப்பார்க்கும்.

நிழலில், காற்றோட்டத்தில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். நேர் வெயிலில் பூசினால் தூரிகைத் தடம் அப்படியே நின்றுவிடும். பிறகு உறையைப் புரட்டி, மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, பாலியஸ்டருக்கு உரிய சூட்டில் இஸ்திரி போடுங்கள். பசையை இறுக வைப்பது இந்தச் சூடுதான். இதைத் தவிர்த்தால் முதல் மழைக்கே நிறம் இறங்கலாம். ஜிப் இல்லாமல் தைத்து மூடிய குஷனுக்கு ஹேர் டிரையர் காட்டலாம், ஆனால் அது இஸ்திரிக்கு ஈடாகாது. மூன்று நாளாவது கழித்துத்தான் உட்காருங்கள், அதற்குமுன் துவைக்கவும் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள். ஈரக் காற்றில் பூச்சு காயாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும். தை, மாசியில் செய்துவிட்டால் கோடை முழுக்க உட்காரலாம். பெயின்ட் துணியை மழை தாங்கும் துணியாக மாற்றாது. மழை வரும்போதும் உச்சி வெயிலிலும் குஷனை எடுத்து உள்ளே வையுங்கள்.