நிறைமாத இடுப்பு வலி: தாய்சேய் நலத்தில் கவனம் பெறாத ஒரு கூறு

தாய்மார் இறப்பைக் குறைப்பதில் நம் நாடு கண்டுள்ள முன்னேற்றம் குறிப்பிடத்தக்கது. உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2004–06ஆம் ஆண்டுகளில் 254 தாய்மார் இறந்தனர். 2018–20இல் இந்த எண்ணிக்கை 97 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் ஆந்திரப் பிரதேசத்தில் அது 45 ஆக இருந்தது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி அம்மாநிலத்தில் நூற்றுக்கு 96க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. உயிரைக் காக்கும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை என்றாலும், அதன் அடித்தளம் அமைந்துவிட்டது எனலாம். இனி, உயிருக்கு ஆபத்தில்லாத துன்பங்களையும் கவனிக்க வேண்டிய கட்டம் வந்துள்ளது. அவற்றுள் முதன்மையானது, கருவுற்ற மகளிரைக் கடைசி மாதங்களில் முடக்கிப்போடும் கடுமையான இடுப்பு வலியாகும்.

கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் இவ்வலிக்கு ஆளாகின்றனர் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பலருக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்க அளவிலேயே இருக்கும். ஒரு சிலருக்கோ நடப்பதும், படியேறுவதும், படுக்கையில் புரள்வதும் இயலாத செயல்களாகிவிடுகின்றன. 'பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் வழக்கந்தான்' என்ற ஒரே சொல்லில் வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவப் பணியாளரும் இதைத் தள்ளிவிடுகின்றனர். பரவலாகக் காணப்படுவது என்பதனாலேயே ஒரு துன்பம் தீர்வற்றதாகிவிடாது.

இருவகை உழைப்பு

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது வரதய்யபாளையம் மண்டலம். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஒருபுறம் நெல் வயல்களும், மறுபுறம் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்துள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரமும் இங்கு அருகருகே உள்ளன. இதனால் இத்தகைய பகுதியில் மகளிர் உழைப்பின் இரு வகைகளையும் ஒருசேரக் காணலாம். நாற்று நடுபவர் சேற்றில் குனிந்தபடி பின்னோக்கி நகர்கிறார். ஆலையில் பணிபுரிபவரோ மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறார். இரண்டுமே இடுப்பு மூட்டுகளைச் சோதிக்கும் பணிகள். வீடு திரும்பிய பின் தண்ணீர்க் குடமும் மூத்த குழந்தையும் அதே இடுப்பில்தான் ஏறுகின்றன.

வலி ஏன் தோன்றுகிறது?

மனித இடுப்பு மூன்று மூட்டுகளால் பிணைக்கப்பட்ட ஒரு வளையம் போன்றது. முன்புறத்தில், அடிவயிற்றுக்குக் கீழே இரு பக்க எலும்புகளும் ஒரு குருத்தெலும்பால் இணைகின்றன. பின்புறத்தில் முதுகுத்தண்டின் அடிப்பகுதி எலும்போடு இருபுறமும் இரண்டு மூட்டுகள் உள்ளன. கருவுற்ற காலத்தில் 'ரிலாக்சின்' முதலிய ஹார்மோன்களின் விளைவால் இம்மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் நெகிழ்கின்றன. சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும் முன்புற இடைவெளி, இக்காலத்தில் மேலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் விரிகிறது. குழந்தை வெளிவருவதற்கு இயற்கை செய்யும் ஏற்பாடு இது.

நெகிழ்ச்சி மட்டுமே வலிக்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. வயிறு முன்தள்ளுவதால் உடலின் எடைமையம் மாறுகிறது. வயிற்றுத் தசைகளும் இடுப்புத் தசைகளும் தளர்கின்றன. மூன்று மூட்டுகளும் ஒரே சீராக அசையாதபோது ஒரு பக்கத்தில் சுமை கூடுகிறது. முன்பே இடுப்பில் அடிபட்டவர்களுக்கும், முதுகுவலி உள்ளவர்களுக்கும், முந்தைய கர்ப்பத்தில் இவ்வலி கண்டவர்களுக்கும், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். இவ்வலியால் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேர்வதில்லை.

பிரித்தறிய வேண்டிய அறிகுறிகள்

எந்த வலியையும் 'வழக்கமானது' என்று ஒதுக்கும் பழக்கத்தில்தான் உண்மையான அபாயம் இருக்கிறது. இடுப்பு மூட்டு வலி அசைவோடு கூடும், ஓய்வில் குறையும். ஒரு காலில் நிற்கும்போதும், காலை அகற்றும்போதும் அது மிகும். ஆனால் விட்டுவிட்டு ஒழுங்கான இடைவெளியில் வரும் வலி, 37 வாரங்களுக்கு முன்னரே பிரசவம் தொடங்குவதைக் குறிக்கலாம். வயிறு கல் போல் இறுகி வலி நீங்காமல் நிற்றல், இரத்தப்போக்கு, பனிக்குட நீர் ஒழுகுதல், காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலி, பார்வை மங்கல், கால்கள் மரத்துப்போய் வலுவிழத்தல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றுதல் ஆகிய எதுவாயினும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டில் ஆந்திரத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவையும், கருவுற்ற மகளிருக்கு இலவசப் போக்குவரத்து வழங்கும் 2011ஆம் ஆண்டுத் திட்டமும் இதற்கென்றே உள்ளவை.

எலும்பின் வலுவும் உணவும்

இடுப்பு வலிக்குப் பின்னால் சில வேளைகளில் எலும்பே மென்மையாகும் நோயும் மறைந்திருக்கலாம். 1920களில் காஷ்மீரில் பணியாற்றிய கேத்லீன் வான் என்ற பெண் மருத்துவர், வெயில் படாமல் வீட்டுக்குள் வாழ்ந்த மகளிரிடையே இந்நோயைக் கண்டு எழுதினார். இடுப்பெலும்பு உருக்குலைந்து பிரசவமே தடைப்படும் அளவுக்கு அந்நாளில் அது கொடுமையாக இருந்தது.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத தென்னாட்டில் இக்குறைபாடு இராது என்று எண்ணுவதற்கில்லை. திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அப்பகுதி மக்களிடையே நடத்தி 2007, 2008ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருப்பதையும், வைட்டமின் 'டி' போதாமை பரவலாக இருப்பதையும் எடுத்துக்காட்டின. நாடு முழுவதற்கும் 2014இல் வகுக்கப்பட்ட நெறிமுறைப்படி, கருவுற்ற பெண்ணுக்கு நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு இருமுறை 500 மில்லிகிராம் கால்சியமும் உடன் வைட்டமின் 'டி'யும் தரப்பட வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் உட்கொண்டால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். எனவே இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும். கேழ்வரகு, பால், மோர், முருங்கைக்கீரை ஆகியவை கைக்கெட்டும் உணவுகள். மாத்திரையாலும் உணவாலும் மூட்டு வலி உடனே நீங்கிவிடாது. ஆனால் எலும்பு நோய் வலியோடு சேர்ந்துகொள்ளாமல் அவை காக்கும்.

வலியோடு நாள்களைக் கடத்தும் வழிகள்

இவ்வலியைக் குறைப்பதில் அடிப்படை விதி ஒன்றே: இடுப்பின் இரு பக்கங்களிலும் சுமை சமமாக விழ வேண்டும். நம் வீடுகளின் பழக்கவழக்கங்களை இவ்விதியைக் கொண்டு ஆராய்ந்தால் மாற்ற வேண்டியவை தாமே தெரியவரும்.

குடத்தையும் குழந்தையையும் ஒரு பக்க இடுப்பில் சுமப்பதைத் தவிர்க்க வேண்டும். தண்ணீரை இரு சிறு பாத்திரங்களில் பிரித்து இரு கைகளிலும் எடுக்கலாம். வீட்டிலுள்ள ஆடவர் எடுத்துத் தருவது அதனினும் நன்று. பாவாடையையும் உள்ளாடையையும் நின்றபடி ஒற்றைக் காலில் அணியாமல் உட்கார்ந்து அணிய வேண்டும். தரையில் சப்பணமிட்டும் ஒருக்களித்தும் உட்காருவதைவிட நாற்காலியோ உயரமான திண்ணையோ ஏற்றது. காய் நறுக்குவதையும் அரிசி களைவதையும் உட்கார்ந்த நிலையில், மேடைமேல் வைத்துச் செய்யலாம். மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கமாக உட்கார்ந்து மேடுபள்ளமான சாலையில் செல்வது இடுப்பை முறுக்கும். பேருந்துப் படியில் வலி குறைந்த காலை முதலில் வைத்து ஏறி, மற்றக் காலை அதே படியில் சேர்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

படுக்கையில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒருக்களித்து, முழங்கால்களுக்கிடையே தலையணை அல்லது மடித்த பழஞ்சேலையை வைத்துக்கொள்வது பெரும் ஆறுதல் தரும். புரளும்போது இரு முழங்கால்களையும் ஒட்டி வைத்தே புரள வேண்டும். பாயிலிருந்து நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கைகளை ஊன்றி எழ வேண்டும். கட்டில் இருப்பின் எழுவது எளிது. குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை இவர்களுக்குக் கடுந்துன்பம் தருவது. நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றைப் பயன்படுத்தலாம்.

முற்றிலும் படுத்தே இருப்பது நல்லதன்று. அதனால் தசைகள் மேலும் தளர்கின்றன. காலில் இரத்தம் உறையும் அபாயமும் கூடுகிறது. சிறிது நடை, சிறிது ஓய்வு என்று நாளைப் பகுத்துக்கொள்ள வேண்டும். பிசியோதெரபி என்னும் இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் இடுப்புத் தசைப் பயிற்சிகளும், வயிற்றை அழுத்தாமல் அதற்குக் கீழே இடுப்பெலும்பைச் சுற்றி அணியும் பட்டையும் பலருக்குப் பயன் தருகின்றன. கீழ்முதுகில் மிதமான வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். வயிற்றைப் பிடித்துவிடுவதும், இடுப்பை வலிந்து இழுத்து உருவுவதும் கூடாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஐபுப்ரோபென், டைகுளோபினாக் போன்றவை கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்தருகிலுள்ள இரத்தக் குழாயையும் பாதிக்கக்கூடும். மருத்துவர் கூறும் அளவில் பாரசிட்டமால் உட்கொள்வதே பொதுவாக ஏற்கப்படும் முறை.

பிரசவ நேரத்தில் இவ்வலி இருப்பதை மருத்துவரிடமும் செவிலியரிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கால்களை வலியின்றி எந்த அளவு அகற்ற முடியும் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. ஒருக்களித்துப் படுத்த நிலையிலும் குழந்தை பெறலாம். இவ்வலி ஒன்றே அறுவைப் பிரசவத்திற்குக் காரணமாகாது. பெரும்பாலோர்க்குப் பிரசவத்திற்குப் பின் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி தணிந்துவிடுகிறது. தொடர்ந்தால் மறுபடியும் மருத்துவரை அணுக வேண்டும்.

ஓய்வின் விலை

மேற்கூறிய அறிவுரைகள் யாவும் ஓய்வெடுக்க இயன்றவருக்கே முழுப் பயன் தரும். ஓய்வு என்பது கூலியை இழக்கும் உழைப்பாளிப் பெண்ணுக்கு ஒரு செலவினமாகும். இங்குதான் மருத்துவப் பிரச்சினை பொருளாதாரப் பிரச்சினையாகிறது.

அமைப்பு சார்ந்த தொழிலில் உள்ளவர்க்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், பிரசவ நாளுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கு முன்னரான ஒரு மாதத்தில், பெண் கேட்டுக்கொண்டால் கடினமான பணியையோ நெடுநேரம் நிற்கும் பணியையோ அவருக்குத் தரலாகாது என்று விதித்தது. அந்த ஆறு வாரங்களில் விடுப்பு எடுக்காமல் பணிக்கு வரும் நாள்களுக்கும் இத்தடை பொருந்தும். கர்ப்பத்தால் விளையும் நோய்க்கு, மருத்துவச் சான்றின் பேரில், மேலும் ஒரு மாதம் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. இதில் 8 வாரம் வரை பிரசவத்திற்கு முன் எடுக்கலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் இடம்பெற்றுள்ளன. 'கேட்டுக்கொண்டால்' என்ற சொல் இங்கு கருதத்தக்கது. உரிமையை அறியாதவர் கேட்பதில்லை. வேலை போய்விடும் என்று அஞ்சுபவரும் கேட்பதில்லை.

வயலில் உழைப்பவருக்கு இப்பாதுகாப்பு இல்லை. அவருக்கு உள்ளது 2017இல் தொடங்கிய பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம். கூலி இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்து, தாய் ஓய்வெடுக்க வழிசெய்வதே இதன் நோக்கம். முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தரப்படுகிறது. 2022இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, இதில் 3,000 ரூபாய் கர்ப்பத்தைப் பதிவு செய்து முதல் பரிசோதனை முடிந்ததும், 2,000 ரூபாய் குழந்தை பிறந்து முதற்கட்டத் தடுப்பூசிகள் போட்ட பிறகும் கிடைக்கும். வலி மிகும் ஏழு முதல் ஒன்பது வரையிலான மாதங்கள் இவ்விரு தவணைகளுக்கும் இடையில் விழுகின்றன. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டுமே 6,000 ரூபாய் உண்டு. அதுவும் பிறந்த பின்னரே. முதல் கர்ப்பத்தில் இவ்வலி கண்டவருக்கு அடுத்த முறையும் அது வரும் வாய்ப்பு அதிகம் என்பதை நோக்கும்போது, தேவை கூடும் இடத்தில் உதவி சுருங்குவது புலனாகும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை 2018இல், ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பும் சேர்த்து, 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது.

செய்யக்கூடியவை

புதிய நிறுவனங்கள் எதுவும் இன்றியே பல நற்பணிகளைச் செய்ய இயலும். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாளன்று அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்ற மகளிருக்குச் சிறப்புப் பரிசோதனை நடைபெறுகிறது. 'நடக்கும்போதும் புரளும்போதும் இடுப்பில் வலிக்கிறதா?' என்ற ஒரு கேள்வியை அன்று ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். ஆம் என்பவரை எச்சரிக்கை அறிகுறிகளுக்காகச் சோதித்து, இரண்டு மூன்று பயிற்சிகளைக் கற்பித்து அனுப்பலாம். ஆஷா பணியாளர் வீட்டிற்குச் செல்லும்போது மாமியாரிடமும் கணவரிடமும் குடத்தைப் பற்றியும் கட்டிலைப் பற்றியும் பேசலாம். எல்லை மண்டலங்களில் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் இவ்விளக்கங்கள் கிடைப்பது பயன் தரும். ஆலை நிர்வாகங்கள் ஏழாம் மாதம் முதல் உட்கார்ந்து செய்யும் பணிக்குத் தாமாகவே மாற்றித் தரலாம். திட்ட விதிகளை வகுப்போர், உதவித் தொகையின் ஒரு பகுதியைக் கடைசி மூன்று மாதங்களில் கிடைக்கும்படி அமைப்பது பற்றிச் சிந்திக்கலாம்.

தாய்மையின் இறுதி மாதங்களில் ஒரு பெண் வயலில் நிற்பதா, வீட்டில் ஓய்வெடுப்பதா என்பதை அவர் உடலின் நிலை தீர்மானிக்க வேண்டுமேயன்றி, அன்றைய கூலி தீர்மானிக்கலாகாது. அந்நிலையை எய்தும்போதுதான் தாய்சேய் நலம் என்ற சொல் அதன் முழுப் பொருளைப் பெறும்.