ஆண்டவரிடமா, என்னிடமா?

இரவு எட்டரை மணிக்கு எங்கள் வீட்டில் பாய் விரிப்போம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு ஜெபம். என் அப்பா காலத்திலிருந்து வருகிற பழக்கம். போன வருடம் ஒரு நாள் வழக்கம்போல நானே ஜெபித்தேன். மழைக்காக, ஊழியர்களுக்காக, உடம்புக்கு முடியாமல் கிடக்கிற சித்திக்காக என்று வரிசையாக வந்து, கடைசியில் மகனிடம் வந்து நின்றேன். “ஆண்டவரே, இந்தப் பிள்ளை செல்போனை விட்டு விலகணும். கணக்குல கவனம் வைக்கணும். வேண்டாத சகவாசத்திலிருந்து இவனைக் காத்துக்கொள்ளும்.” ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு வயது.

“அப்பா, இப்ப நீங்க ஆண்டவர்ட்ட பேசுனீங்களா, எங்கிட்ட பேசுனீங்களா?”

அவன் அம்மா அதட்டினாள். எனக்கு வாய் எழவில்லை. நேரில் உட்கார வைத்துச் சொல்லத் தயங்கியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவர் பேரில் சொல்லியிருக்கிறேன். ஜெபத்துக்கு நடுவில் பிள்ளை எப்படி மறுத்துப் பேசுவான்? குற்றச்சாட்டு உண்டு, பதில் சொல்ல இடம் இல்லை. இப்படி எத்தனை இரவுகள் அவன் அந்தப் பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தானோ!

பதினைந்து வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் இருக்கிற பொறுமை சொந்தப் பிள்ளையிடம் வரவில்லையே என்ற வருத்தம் அன்றைக்குத்தான் உறைத்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் என் வயதுப் பெற்றோர் பலரிடம் இதைச் சொன்னபோது, ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. “எங்க வீட்டுலயும் இதே கததான்” என்றார்கள்.

பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கிற வேலையை நாம் மெல்ல மெல்லக் கோயிலுக்கு ஒப்படைத்துவிட்டோம். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளி, மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி, கொஞ்சம் வளர்ந்தால் திடப்படுத்தல் வகுப்பு, அப்புறம் வாலிபர் ஐக்கியம். எல்லாம் நல்லவைதான். ஆனால் 1780-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் இந்த ஓய்வுநாள் பள்ளியைத் தொடங்கியது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்க. அப்பனும் அம்மாவும் இருக்கிற வீட்டின் கடமையை எடுத்துக்கொள்ள அல்ல.

தீமோத்தேயுவை எல்லோரும் பவுலின் சீடனாகத்தான் பார்க்கிறோம். பவுல் தன் கடிதத்தில் அவனுடைய விசுவாசத்தைச் சொல்லும்போது, முதலில் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லி நினைக்கிறார். லீஸ்திராவில் பவுல் அவனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டபோது, அந்த இரண்டு பெண்களும் வருடக்கணக்கில் உழுது விதைத்து வைத்திருந்தார்கள். வீடு முதலில், ஊழியர் பிறகு. அதே சமயம், பிள்ளையை வழியனுப்ப வேண்டிய நேரத்தில் அவர்கள் வாசலை மறித்து நிற்கவும் இல்லை.

இப்படிப் பிள்ளையை வழியனுப்பியதற்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வேதநாயகம் என்ற பையனை, பன்னிரண்டு வயதில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தன்னோடு தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். பிள்ளை அவரோடு தங்கிப் படித்தான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாராக வளர்ந்து, பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவருடைய கீர்த்தனைகள் இன்றைக்கும் நம் ஆராதனையில் ஒலிக்கின்றன.

அதே சுவார்ட்ஸின் கையில் இன்னொரு பிள்ளையும் வளர்ந்தான். தஞ்சை மன்னர் துளஜா 1787-இல் சாகிற தறுவாயில் தத்தெடுத்த சரபோஜி. சிறுவனுக்கு அரண்மனையில் துன்பம் வந்தபோது சுவார்ட்ஸ் அவன் பக்கம் நின்றார், படிக்க வழி செய்தார். சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. சுவார்ட்ஸும் அதனால் அவரைக் கைவிடவில்லை. 1798-இல் சுவார்ட்ஸ் இறந்த பிறகு, அவர் நினைவாக சரபோஜி ஒரு பளிங்குச் சிற்பத்தை லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனிடம் செய்வித்தார். தஞ்சையில் சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் அதைப் பார்க்கலாம். படுக்கையில் கிழவர், அவர் கையைப் பற்றி நிற்கும் இளவரசர். வாலிபர் ஊழியத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது போய் அதன் முன்னால் நின்றுவிட்டு வர வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளை நாம் நினைத்தபடி வந்தால்தான் அன்பு என்று அந்த மனிதர் கணக்குப் போடவில்லை.

நம்முடைய கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை டியூஷன். “பரீட்சை முடியட்டும், அப்புறம் கோயிலுக்கு அனுப்புறோம்” என்று நம்மிடமே சொல்லும் பெற்றோர்தான், இரண்டு வருடம் கழித்து “பையன் கோயிலுக்கே வரமாட்டேங்கான், நீங்க கொஞ்சம் பேசுங்க” என்று வந்து நிற்கிறார்கள். எது பெரியது என்று வீட்டில் கற்றுக்கொடுத்த பாடத்தைத்தானே அவன் ஒப்பிக்கிறான்? திடப்படுத்தல் ஆராதனையில் பிஷப் கை வைத்து ஜெபித்ததும், பள்ளிக்கூடம் முடித்துச் சான்றிதழ் வாங்கியதுபோல முக்கால்வாசிப் பிள்ளைகள் மறைந்துபோவதும் இதனால்தான்.

ஆனால் அதே பிள்ளைகள் டிசம்பர் மாதக் கீத பவனிக்கு எங்கிருந்தோ வந்துவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். சபை விருந்தான அசனப் பண்டிகைக்கு முந்தின இரவு காய் வெட்ட வருவார்கள். உட்கார்ந்து கேட்கச் சொன்னால் வராத பிள்ளை, வேலை கொடுத்தால் வருகிறான். வாலிபர் கூட்டத்தை இன்னும் சுவாரசியமாக்க மைக்செட்டும் லைட்டும் வாங்குவதைவிட இதை யோசிக்கலாம்.

ஒரு அசனத்து ராத்திரி, மணி இரண்டு இருக்கும். கோயில் வளாகத்தில் விரித்த தார்ப்பாயில் கத்தரிக்காயும் வெங்காயமும் மலைபோலக் கிடந்தன. பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, வெங்காயம் உரித்துக்கொண்டே பக்கத்திலிருந்த பெரியவரிடம் கேட்டாள்: “தாத்தா, எங்க ஆச்சிக்காக சபையே ஜெபம் பண்ணுச்சே, ஏன் செத்துப்போனாங்க?” வகுப்பில் இந்தக் கேள்வி வந்திருந்தால் நான் மூன்று வசனம் சொல்லியிருப்பேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். “தெரியலம்மா. நானும் உங்க ஆச்சிக்காக ரொம்ப அழுதேன்” என்றார். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். இரண்டு பேரும் விடிகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததாக லூக்கா எழுதுகிறார். கேட்கவிட்ட போதகர்களை நாம் கவனிப்பதே இல்லை. இப்படி வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவர், ஒரு அக்கா, ஒரு அண்ணன் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். பெற்றோருக்குத் தெரிந்தவராக, நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் பேசுகிறவராக இருக்க வேண்டும். இதில் எந்தச் சபையும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது.

மகன் அந்தக் கேள்வியைக் கேட்ட இரவுக்கு மறுநாள், பாய் விரித்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதை என் அப்பா செய்து நான் பார்த்ததில்லை, அதனால் வார்த்தைகள் திணறித்தான் வந்தன. இனி உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை உன்னிடமே சொல்வேன், ஜெபத்தில் என்ன கேட்கணும் என்று நீயே சொல் என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வாரக்கணக்கில் சொல்லவில்லை. “ஒண்ணுமில்லப்பா” என்பான். நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஆடி மாதக் காற்று அடித்துக் கரண்ட் போன ஒரு ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதிகாரம் வாசித்து முடித்தோம். வழக்கம்போல அவன் பக்கம் திரும்பினேன்.

“எங்க கிளாஸ்ல ஒருத்தன், அவங்க அப்பா வீட்ட விட்டுப் போய்ட்டாராம். மத்தியானம் சாப்பாடு கொண்டு வரதில்ல.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அவனுக்கு நானே பண்ணுதேன்ப்பா.”

நாங்கள் கண்ணை மூடினோம்.