கார் பந்தயத்தை ஊர் ஊராக கொண்டு போனது டெலிவிஷன்! இப்போது காசு கேட்கிறது செல்போன்!!

ஜெகதாப்பட்டினம்,

ஜெகதாப்பட்டினத்தில் இருந்து சென்னைக்கு கிழக்கு கடற்கரை சாலையில் ஏறக்குறைய 400 கிலோ மீட்டர். கார் பந்தயம் நடக்கும் இருங்காட்டுக்கோட்டை சென்னைக்கு பக்கத்தில்தான் இருக்கிறது. கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே மைதானத்துக்கு போவதானாலும் பல மாவட்டங்களை தாண்ட வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடைக்கோடியில் உள்ள ஒரு மீன்பிடி ஊரில், கார் பந்தயம் என்றால் என்ன என்று தெரிகிறது. எப்படி? எல்லாம் டெலிவிஷன் செய்த வேலைதான்.

ஆனால் அந்த பந்தயம் இப்போது டெலிவிஷனை விட்டு செல்போனுக்குள் போய்விட்டது. "காசு கட்டு, அப்புறம் பார்" என்கிறது செல்போன். இனி புது ரசிகர்கள் வருவார்களா?

மாட்டு வண்டி பந்தயம்

புதுக்கோட்டை சீமையில் பந்தயம் என்றால் முதலில் மாட்டு வண்டிப் பந்தயம்தான். பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக ஓடும். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நிற்பார்கள். டிக்கெட் கிடையாது.

வண்டிகள் கண் முன்னே பறந்து போகும். அவ்வளவுதான்! முன்னால் என்ன நடந்தது, எல்லையில் எந்த ஜோடி முந்தியது என்று பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

கார் பந்தயமும் அதே கதைதான். மைதானத்தில் இருப்பவருக்கு ஒரு வளைவு மட்டுமே தெரியும். டெலிவிஷனில் முழு பந்தயமும் தெரியும். காருக்குள் இருக்கும் காமிரா ஓட்டுபவரின் கையைக்கூட காட்டும். ஆனால் காதை பிளக்கும் சத்தமும், நெஞ்சை உலுக்கும் வேகமும் டெலிவிஷனில் கிடைக்காது.

சோழவரம்

டெலிவிஷன் இல்லாமலும் கூட்டம் சேர்ந்தது உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். சென்னைக்கு டெலிவிஷன் வந்ததே 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதிதான்.

சோழவரத்தில் நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள், மற்றவர்கள் கேட்டார்கள். ஜெகதாப்பட்டினம் மாதிரி தூரத்து ஊர்களுக்கு அது வெறும் பத்திரிகை செய்தி.

மழையில் வந்த யோகம்

1976-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜப்பானில் பார்முலா-1 பந்தயம் நடந்தது. கொட்டும் மழை. "உயிர்தான் முக்கியம்" என்று நிக்கி லாடா பாதியில் ஒதுங்கினார். ஜேம்ஸ் ஹண்ட் ஒரே ஒரு புள்ளியில் உலக சாம்பியன் ஆனார். செயற்கைக்கோள் மூலம் பல நாட்டு மக்கள் இதை பார்த்தார்கள்.

டெலிவிஷனில் பணம் இருக்கிறது என்பதை பெர்னி எக்கிள்ஸ்டன் பிடித்துக்கொண்டார். 1981-ல் கான்கார்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லா அணிகளும் எல்லா பந்தயங்களுக்கும் வந்தே தீர வேண்டும் என்று ஆனது. அதன் பிறகுதான் டெலிவிஷன் கம்பெனிகள் நம்பி காசு போட்டன.

கோவை வாலிபர்

2005-ம் ஆண்டு கோவையை சேர்ந்த நரேன் கார்த்திகேயன் முதல் இந்தியராக பார்முலா-1 பந்தயத்தில் கார் ஓட்டினார். அமெரிக்க பந்தயத்தில் டயர் தகராறில் 14 கார்கள் ஒதுங்கிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேனுக்கு நான்காவது இடம். கார் ஓட்டத் தெரியாதவர்கள்கூட "நம்ம ஊர் பையன்" என்று டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

2011-ல் டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் பார்முலா-1 நடந்தபோது சுமார் 95 ஆயிரம் பேர் நேரில் வந்தார்கள். நரேனும் ஓட்டினார். 2013-ல் சுமார் 60 ஆயிரம் பேர்தான். அந்த ஆண்டு ஒரு இந்தியர்கூட களத்தில் இல்லை. டெலிவிஷன் மட்டும் இருந்தால் போதாது, கைதட்ட நம் ஆள் ஒருவரும் வேண்டும் என்பதற்கு இது அடையாளம்.

மைதானம் காலியாகவில்லை

"வீட்டிலேயே காட்டினால் மைதானத்துக்கு யார் வருவார்கள்?" என்பது பழைய பயம். அமெரிக்காவில் நடந்ததோ நேர்மாறு. 2019-ல் நெட்பிளிக்ஸ் கம்பெனி பார்முலா-1 வீரர்களின் கதையை தொடராக காட்டத் தொடங்கியது. அந்த ஆண்டு ஆஸ்டின் பந்தயத்துக்கு மூன்று நாளில் வந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம் பேர். 2021-ல் அது சுமார் 4 லட்சம்!

49 ரூபாய்

இந்தியாவில் 2022 வரை ஸ்டார் ஸ்போர்ட்சில் பார்முலா-1 வந்தது. பிறகு செல்போன் ஆப்புக்கு மாறியது. 2024-ல் பேன்கோடு ஆப்பில் ஒரு பந்தயம் பார்க்க 49 ரூபாய்.

49 ரூபாய் பெரிய காசா? ஏற்கனவே ரசிகனாக இருப்பவன் கட்டிவிடுவான். ஆனால் சேனலை மாற்றும்போது தற்செயலாக பார்த்து, "அட, இது என்ன?" என்று உட்கார்ந்து ரசிகன் ஆகிறானே, அவன் கட்டுவானா? தெரியாத சரக்குக்கு யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. அதுவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, ஜெகதாப்பட்டினத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு.

அஜீத் காட்டிய வழி

2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் துபாயில் 24 மணி நேர கார் பந்தயம் நடந்தது. நடிகர் அஜீத்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. பந்தயத்தை நடத்தியவர்கள் அதை யூடியூப்பில் இலவசமாகவே காட்டினார்கள். கார் பந்தயத்தை எட்டிக்கூட பார்க்காத சினிமா ரசிகர்கள் ராத்திரி கண் விழித்து பார்த்தார்கள்.

நம் ஆள் ஒருவர், காசு கேட்காத திரை. இந்த இரண்டும் சேர்ந்ததால் வந்த கூட்டம் அது.

மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு ரோட்டோரம் டிக்கெட் வைத்தால் என்ன ஆகும்? பணம் இருப்பவன் நிற்பான். சின்னப் பையன்கள் வீட்டுக்கு போய்விடுவார்கள். நாளைக்கு மாடு பூட்டப் போகிறவர்களே அந்த சின்னப் பையன்கள்தான்!