காற்றுக்கு வாசிக்கக் கொடுத்தவை

இங்கிலாந்தின் வடக்கே, பர்ன்லி என்னும் பழைய பஞ்சாலை ஊருக்கு மேலே ஒரு மொட்டைக் குன்று. அங்கே 3 மீட்டர் உயரத்துக்கு ஓர் எஃகு மரம் நிற்கிறது. துத்தநாகம் பூசிய குழாய்களை அடுக்கடுக்காய்த் திருகி அடுக்கியதில், பேய்க்காற்றில் ஒரு பக்கமாய் வளைந்துபோன மரத்தின் சாயல் வந்துவிட்டது. காற்று வலுத்தால் முனகும். இன்னும் வலுத்தால் பல சுருதிகளில் ஒரு கூட்டமே ஓலமிடுவதுபோல் கேட்கும். இனிமை என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டவர் சட்டென்று நகர மாட்டார்.

மைக் டோன்கின், அன்னா லியூ என்ற கட்டடக் கலைஞர்கள் 2006-இல் அமைத்த இதன் பெயர் ‘சிங்கிங் ரிங்கிங் ட்ரீ’. எல்லாக் குழாய்களும் பாடுவதில்லை. சில வெறும் தாங்கிகள், சில அழகுக்கு. பாடுபவற்றின் அடிப்புறத்தில் மட்டும் நீளத்துக்கேற்பத் துளையிட்டுச் சுருதி சேர்த்திருக்கிறார்கள்.

குழாய் பாடுவது புரிகிறது, புல்லாங்குழலின் உறவுதானே. கம்பி எப்படிப் பாடும்? 1650-இலேயே அதானசியஸ் கிர்ஷர் என்ற பாதிரியார், ஜன்னலில் வைத்தால் காற்றே மீட்டும் யாழைப் பற்றி எழுதியிருக்கிறார். காற்று ஒரு கம்பியைக் கடக்கும்போது அதன் பின்னால் மேலும் கீழும் மாறி மாறிச் சுழிகள் கழன்று போகின்றன. அந்தச் சுழிகள் எழுப்பும் ஒலியின் சுருதியைக் காற்றின் வேகமும் கம்பியின் தடிமனும் தீர்மானிக்கின்றன என்று 1878-இல் செக் இயற்பியலர் ஸ்ட்ரவ்ஹால் காட்டினார். 1 மில்லிமீட்டர் கம்பி, நொடிக்கு 5 மீட்டர் காற்று என்றால் நொடிக்கு ஏறக்குறைய 1000 சோடிச் சுழிகள். கம்பியின் முறுக்குக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை! அது வேறிடத்தில் வேலை செய்கிறது: கம்பியின் இயல்பான அதிர்வுகளில் ஒன்றோடு சுழிகளின் கணக்கு ஒத்துப்போனால் சத்தம் ஓங்கும். காற்று ஏற ஏற, அதே கம்பி அடுத்தடுத்த சுரங்களுக்குத் தாவும்.

யாரும் பாடச் சொல்லாமலே பாடிய கருவியும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில், பலத்த காற்றைத் தாங்கட்டும் என்று மேற்குப் பக்கக் கைப்பிடிக் கம்பிகளை மெல்லியவையாக மாற்றினார்கள். 2020 ஜூனில் பாலம் ஊளையிட ஆரம்பித்தது. மைல் கணக்கில் கேட்டது. அக்கம்பக்கத்தார் நொந்துபோனார்கள். கிதார் கலைஞர் நேட் மெர்சரோ அதனுடன் சேர்ந்து வாசித்து 2021-இல் ஆல்பமே வெளியிட்டார். பால நிர்வாகமோ, ரப்பர் வைத்த அலுமினிய கிளிப்புகளைக் கம்பிகளில் மாட்டி அதன் வாயை அடைக்க முடிவு செய்தது.