காரில் கியர் இறுக்கம்

கியர் இறுக்கம் என்பது, ஓட்டுநரே கையால் கியர் மாற்றும் கார்களில் கியர் கம்பி வழக்கம்போல் எளிதாக நகராமல், அழுத்தித் தள்ளினால்தான் கியர் விழும் நிலையைக் குறிக்கும். "கியர் விழமாட்டேன் என்கிறது", "கியர் டைட்டாக இருக்கிறது" என்று பட்டறைகளில் சொல்லப்படுவது இதுவே. சில நேரங்களில் 'கர்ர்' என்று பற்கள் அரைபடும் ஓசையும் சேர்ந்து வரும். இதைக் கேட்டதும் கியர் பெட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணுவோர் பலர். ஆனால் பல வேளைகளில் காரணம் கியர் பெட்டிக்கு வெளியே, குறிப்பாகக் கிளட்ச் அமைப்பில் இருக்கிறது.

கியர் பெட்டியைக் கழற்றிப் பிரிப்பது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை. எனவே கோளாறு எங்கே என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அதற்கான எளிய சோதனைகளுக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

கியர் மாறும் விதம்

எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாகக் கியர் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டுக்கு வருகிறது. அங்கிருந்து பல்சக்கரங்கள் வழியாக வெளியீட்டுத் தண்டுக்கும், பின்னர் காரின் சக்கரங்களுக்கும் செல்கிறது. இன்றைய கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. கியர் கம்பியை நகர்த்தும்போது, உள்ளே இருக்கும் ஒரு கவை வளையம் போன்ற உறையைத் தள்ளி, தேவையான பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது.

பூட்டப்படும் இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால்தான் உறை தடையின்றி நுழையும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். வெளியீட்டுத் தண்டு நிமிடத்திற்கு 1000 முறை சுற்றுவதாகக் கொள்வோம். முதல் கியரின் விகிதம் 3.5, இரண்டாம் கியரின் விகிதம் 1.9 எனில், முதல் கியரில் உள்ளீட்டுத் தண்டு 3500 முறை சுற்றும். இரண்டாம் கியரில் 1900 முறைதான் சுற்ற வேண்டும். அதாவது கியர் மாறும் அந்தச் சிறிது நேரத்திற்குள் அதன் வேகம் 1600 சுற்றுகள் குறைந்தாக வேண்டும்.

இந்த வேலையைச் செய்வது சிங்க்ரோனைசர் வளையம். பெரும்பாலும் பித்தளை போன்ற உலோகக் கலவையால் ஆன இவ்வளையம், பல்சக்கரத்தின் கூம்பு வடிவப் பகுதியோடு உராய்ந்து இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. வேகம் சமமாகும் வரை உறையை உள்ளே விடாமல் தடுக்கவும் செய்கிறது. அமெரிக்கரான ஏர்ல் தாம்சன் உருவாக்கிய இவ்வமைப்பு, 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமானது. அதற்கு முன் ஓட்டுநரே கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சின் வேகத்தைக் கணித்துக் கியர் மாற்ற வேண்டியிருந்தது.

இவ்வளையம் சிறியது. கிளட்ச் முழுமையாகப் பிரிந்திருந்தால், உள்ளீட்டுத் தண்டையும் அதோடு சுழலும் கிளட்ச் தட்டையும் மெதுவாக்குவது மட்டுமே அதன் வேலை. கிளட்ச் அரைகுறையாகப் பிரிந்தால், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையே அது எதிர்க்க வேண்டிவரும். அது இயலாததால் உறை நுழையாது. ஓட்டுநரின் கைக்கு இது இறுக்கமாகத் தெரிகிறது. அப்போது பலங்கொண்டு தள்ளினால் வளையம் தேய்கிறது. இவ்வாறு கிளட்சில் தோன்றிய சிறு கோளாறு, கவனிக்காமல் விட்டால் கியர் பெட்டியின் பழுதாகவே முடிகிறது.

முதலில் பார்க்க வேண்டியவை

கிளட்ச் மிதியின் அடியில் கால்விரிப்பு சுருண்டு கிடந்தால் மிதி கடைசி வரை இறங்காது. இருக்கை மிகவும் பின்தள்ளி இருந்தாலும் கால் முழுவதும் எட்டாது. இவ்விரண்டையும் சரிசெய்த பிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் மிதி கனமாக இருப்பதும் கியர் கம்பி இறுக்கமாக இருப்பதும் வெவ்வேறு குறைகள். மிதி கனமாக இருந்தால் கேபிள், அழுத்தத் தட்டு போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் உறுமியும் கார் வேகமெடுக்காவிட்டால் அது கிளட்ச் வழுக்குவதன் அறிகுறி. இறுக்கத்திற்குக் காரணமான 'கிளட்ச் பிரியாமை' அதற்கு நேர்மாறானது. மெக்கானிக்கிடம் சொல்லும்போது இவற்றைப் பிரித்துச் சொல்வது நல்லது.

கண்டறியும் சோதனைகள்

இவற்றைச் சமதளமான, ஆள் நடமாட்டமற்ற இடத்தில் செய்ய வேண்டும்.

1. எஞ்சினை நிறுத்திய சோதனை: கை பிரேக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கால் பிரேக்கையும் மிதித்தபடி அதையே செய்ய வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது எளிதாகவும் ஓடும்போது இறுக்கமாகவும் இருந்தால், கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை. இரண்டு நிலையிலும் இறுக்கம் இருந்தால், கியர் கம்பியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் இணைப்பிலோ பெட்டிக்குள்ளோ குறை இருக்கலாம். நிற்கும்போது எல்லாம் சரியாக இருந்து, ஓட்டத்தில் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் மறுத்தால், அந்தக் கியரின் சிங்க்ரோனைசரைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் நின்றிருக்கையில் ஒரு கியர் மட்டும் எப்போதாவது விழாமல் நின்றால், பல்லும் பல்லும் நேருக்கு நேர் நிற்பதாக இருக்கலாம். 

2. ரிவர்ஸ் கியர் சோதனை: பல கார்களில் ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோனைசர் கிடையாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளட்சை முழுவதும் மிதித்து, சில வினாடிகள் காத்திருந்து ரிவர்ஸ் கியரைப் போட வேண்டும். அதற்குள் உள்ளீட்டுத் தண்டு நின்றிருக்க வேண்டும். அப்போதும் அரைபடும் ஓசை வந்தால் கிளட்ச் தண்டை இன்னும் சுழற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

3. ஊர்தல் சோதனை: முன்னால் போதிய இடம் விட்டு, முதல் கியரில் கிளட்சை முழுவதும் மிதித்தபடி கை பிரேக்கை விடுவிக்க வேண்டும். வலக்கால் பிரேக்கை விட்டு விலகாமல், அதை மெல்லத் தளர்த்த வேண்டும். கார் தானாக ஊர முயன்றால் கிளட்ச் பிரியவில்லை.

4. மிதியை இருமுறை அழுத்தும் சோதனை: கிளட்சை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்த பின் கியர் எளிதாக விழுந்தால், திரவத்தால் இயங்கும் கிளட்சில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம்.

காரணங்களும் தீர்வுகளும்

கேபிள் கிளட்ச்: கேபிள் நாளடைவில் நீளும், உள் இழைகள் அறுபடும், உறைக்குள் துரு பிடிக்கும். மிதியின் வெற்று அசைவு அதிகமானால் கிளட்ச் முழுவதும் பிரியாது. காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு அதைச் சரிசெய்ய வேண்டும். இழை அறுந்த கேபிளை மாற்றிவிடுவதே சரி. அது எப்போது வேண்டுமானாலும் முற்றாக அறுந்துபோகலாம்.

திரவக் கிளட்ச்: இதில் மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரும், கிளட்ச் அருகே ஸ்லேவ் சிலிண்டரும் இருக்கும். கசிவு, காற்று, பழைய திரவம் ஆகியவை இறுக்கத்தை உண்டாக்கும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே திரவத் தொட்டிதான். கிளட்சுக்கான குழாய் தொட்டியில் சற்று உயரத்தில் இருப்பதால், திரவம் குறையும்போது முதலில் கிளட்ச்தான் பாதிக்கப்படும். எனவே அத்தகைய காரில் திடீரென்று தோன்றும் கியர் இறுக்கம், பிரேக் திரவம் கசிவதன் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். திரவத்தை ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டுவது போதாது. கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். தொட்டியின் மூடியில் குறிப்பிட்ட வகைத் திரவத்தையே ஊற்ற வேண்டும். டாட் 3, டாட் 4 வகைத் திரவங்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் குறித்த காலத்தில் மாற்றப்பட வேண்டும்.

கிளட்ச் தட்டு: நீண்ட நாள் ஓடாமல் நின்ற காரிலும் வெள்ளத்தில் மூழ்கிய காரிலும் கிளட்ச் தட்டு துருவால் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதுண்டு. வளைந்த தட்டு, தேய்ந்த அழுத்தத் தட்டு, பழுதான பேரிங் ஆகியவற்றை மாற்றக் கியர் பெட்டியைக் காரிலிருந்து இறக்க வேண்டியிருக்கும்.

கியர் இணைப்பு: கியர் கம்பியைப் பெட்டியோடு இணைக்கும் தண்டு அல்லது கேபிளின் முனைகளில் சிறு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் புஷ்கள் உண்டு. இவை தேய்ந்தால் கம்பி தொளதொளவென ஆடும். கியர் இருக்கும் இடம் தெரியாது. கேபிளின் ரப்பர் உறை கிழிந்து நீர் புகுந்தால் துருப்பிடித்து இறுகும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் உடைந்தால் எஞ்சின் ஆடி இணைப்பின் நேர்மை தவறும். இவை கியர் பெட்டியைப் பிரிக்காமலே தீரக்கூடிய குறைகள்.

கியர் எண்ணெய்: எண்ணெய் குறைந்தாலும், பழையதானாலும், தவறான வகையானாலும் இறுக்கம் வரும். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் இறுக்கமாக இருந்து, பின் சரியாகிவிட்டால் எண்ணெயின் தடிமன் காரணமாக இருக்கலாம். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றுவது நல்லதன்று. ஜிஎல்-5 எண்ணெயில் அழுத்தம் தாங்கும் வேதிப்பொருள்கள் மிகுதி. அவை வளையத்தின் உராய்வைக் குறைக்கலாம், சில வகைகள் பித்தளையை அரிக்கவும் கூடும். எண்ணெயில் பால் நிறம் தெரிந்தால் நீர் கலந்துள்ளது; பித்தளைத் துகள் மிகுந்திருந்தால் வளையம் தேய்கிறது.

கியர் பெட்டியின் உட்புறம்: மேற்கண்டவை அனைத்தும் சரியாக இருந்தும் குறை நீடித்தால்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். தேய்ந்த வளையம், வளைந்த கவை, முனை மழுங்கிய பற்கள் ஆகியவை அங்கே காணப்படலாம்.

ஓட்டுநர் கவனிக்க வேண்டியவை

கியர் இறுக்கத்தை வெறும் அசௌகரியமாகக் கருதக் கூடாது. மலைப்பாதையில் இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்ற முயன்று, கியர் விழாமல் நியூட்ரலில் நின்றுவிட்டால், எஞ்சினின் தடுப்பாற்றல் அற்றுப்போகும். முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து அது சூடேறும். எனவே இக்குறை உள்ள காரை மலைப்பயணத்திற்கு எடுத்துச் செல்லும் முன் சரிசெய்துவிட வேண்டும்.

கிளட்சை முழுவதும் மிதித்துக் கியர் மாற்றுதல், ஓட்டும்போது கிளட்ச் மிதியில் காலை வைத்திராதிருத்தல், கியர் கம்பியின் மேல் கையை ஓய்வாக வைக்காதிருத்தல், கார் முழுவதும் நின்ற பிறகே ரிவர்ஸ் போடுதல் ஆகிய பழக்கங்கள் இவ்வுறுப்புகளின் ஆயுளை நீட்டிக்கும். காரின் அடியில் பார்க்க நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே செல்லக் கூடாது. உறுதியான தாங்கிகள் வைக்கப்பட்டிருக்க வேண்டும். சோதனைகளில் கண்டதை, எந்தக் கியர், குளிர்ந்த நிலையிலா சூடான நிலையிலா, ஓடும்போதா நிற்கும்போதா என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால், மெக்கானிக் தேவையற்ற பாகங்களைப் பிரிப்பதைத் தவிர்க்கலாம்.