வீட்டு மதுக்கூடம்

வீட்டு மதுக்கூடம் என்பது விருந்தினருக்கு மதுபானங்களைக் கலந்து வழங்குவதற்காக வீட்டில் ஒதுக்கப்படும் இடத்தையும், அங்கு சேர்த்து வைக்கப்படும் புட்டிகள், கலப்புப் பொருட்கள், கருவிகள் ஆகியவற்றையும் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில், நவம்பர் மாத நன்றியறிதல் நாள் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும் விருந்துக் காலத்தில் இதற்கான பொருட்கள் பெருமளவு வாங்கப்படுகின்றன. எவ்வளவு வாங்குவது என்பது செலவை மட்டுமன்றி விருந்தினரின் பாதுகாப்பையும் பொறுத்ததாகும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு தழுவிய மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. மதுவை உற்பத்தி செய்தல், விற்றல், கொண்டு செல்லல் ஆகியன தடை செய்யப்பட்டன. ஆனால் தடைக்கு முன்பே வாங்கிய மதுவை வீட்டில் அருந்துவது குற்றமாகக் கருதப்படவில்லை. எனவே வசதி படைத்தோர் முன்கூட்டியே புட்டிகளைச் சேமித்து வைத்தனர். மது அருந்துதல் பொது மதுக்கூடங்களிலிருந்து வீட்டுக்குள் நகர இதுவும் ஒரு காரணமாயிற்று.

பொருட்கள்

வொட்கா, ஜின், ரம், விஸ்கி, டெக்கீலா, பிராந்தி ஆகியன அடிப்படை வடிமதுக்கள் ஆகும். இவை ஏறத்தாழ 40% எத்தனால் கொண்டவை. திறந்த பின்னரும் நெடுநாள் கெடுவதில்லை. இதற்கு மாறாக, திராட்சை மதுவிலிருந்து செய்யப்படும் வெர்மூத் திறந்தபின் காற்றுப்பட்டுச் சுவை மாறும். எனவே அதனைச் சிறிய புட்டியாக வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும்.

சோடா நீர், டானிக் நீர், எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, கசப்புச் சாறு ஆகியன கலப்பதற்குப் பயன்படுகின்றன. பனிக்கட்டி ஒருவருக்கு அரைக் கிலோகிராம் அளவில் தேவைப்படும். குலுக்கும் குவளை, வடிகட்டி, அளவுக் கிண்ணம் ஆகியன முதன்மையான கருவிகள்.

அளவு கணித்தல்

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நியம அளவு மது என்பது 14 கிராம் தூய எத்தனாலைக் கொண்டது. கீழ்க்காணும் மூன்றும் சமமானவை:

- 5% எத்தனால் கொண்ட பியர், 355 மில்லிலீட்டர்
- 12% எத்தனால் கொண்ட திராட்சை மது, 148 மில்லிலீட்டர்
- 40% எத்தனால் கொண்ட வடிமது, 44 மில்லிலீட்டர்

இதன்படி 750 மில்லிலீட்டர் புட்டி ஒன்றில் திராட்சை மது எனில் 5 அளவுகளும், வடிமது எனில் ஏறத்தாழ 17 அளவுகளும் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 20 பேர் கலந்துகொள்ளும் 3 மணி நேர விருந்தில், ஒருவருக்கு மணிக்கு ஓர் அளவு எனக் கொண்டால் 60 அளவுகள் தேவை. இவற்றுள் பாதி திராட்சை மதுவாகவும் எஞ்சியவை பியர், வடிமது எனச் சரிபாதியாகவும் இருப்பின், 6 புட்டித் திராட்சை மது, 15 குவளை பியர், ஒரு புட்டி வடிமது ஆகியன போதுமானவை.

கண்மதிப்பில் ஊற்றும்போது ஒரு குவளையில் இரண்டு நியம அளவுகள் சேர்ந்துவிடக்கூடும். அருந்துபவர் அதனை ஒன்றாகவே எண்ணுவார். அளவுக் கிண்ணத்தின் தேவை இதனாலேயே ஏற்படுகிறது.

பாதுகாப்பும் சட்டமும்

- மனித உடல் ஒரு நியம அளவு மதுவைச் சிதைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. காப்பி அருந்துவதோ குளிர்நீரில் குளிப்பதோ இதனை விரைவுபடுத்தாது.
- எக்நாக் என்பது பால், பாலேடு, சர்க்கரை, முட்டை ஆகியவற்றுடன் ரம் அல்லது பிராந்தி சேர்த்துச் செய்யப்படும் கிறிஸ்துமஸ் காலப் பானம். பச்சை முட்டையில் சால்மொனெல்லா நுண்ணுயிரி இருக்கக்கூடும். மது அதனை முற்றாக அழிக்கும் என நம்பலாகாது. முட்டைக் கலவையை 71 பாகை செல்சியசு வரை சூடாக்குதல் வேண்டும். அல்லது பாச்சர் முறையில் பதப்படுத்திய முட்டையைப் பயன்படுத்தலாம்.
- மதுபானம் வாங்குவதற்குரிய குறைந்த வயது 21 ஆகும்.
- 1984இல் நியூ செர்சி மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, போதை வெளிப்படையாகத் தெரிந்த பின்னரும், வாகனம் ஓட்டவிருப்பதை அறிந்தும் விருந்தினருக்கு மது வழங்கிய வீட்டுக்காரர், அதனால் நேரும் விபத்தில் பிறர் அடையும் பாதிப்புக்குப் பொறுப்பாவார். இச்சட்டநிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

மது அருந்தாதோருக்கும் வாகனம் ஓட்டுவோருக்கும் பழச்சாறு, இஞ்சிப் பானம் போன்றவற்றையும் உணவையும் போதிய அளவில் வைத்தல் வீட்டு மதுக்கூடத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- எத்தனால்
- காக்டெயில்
- ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு