கறி பேஸ்ட் போட்டும் பச்சை வாசனை போகலையா? கேமரன் மலை சமையல் சொல்லும் காரணம்

வெளிநாட்டில் படிக்கிறீர்கள். வகுப்பு முடிந்து அறைக்கு வர இரவு 8 மணி. செம பசி. கறி பேஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விடுகிறீர்கள். 10 நிமிடத்தில் குழம்பு ரெடி. ஆனால் வாயில் வைத்தால் பச்சை வாசனை. "அம்மா வைக்கிற மாதிரி இல்லையே!"

எங்கே தப்பு?

அம்மி விழுதும் பேஸ்ட்தான்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 'போ' தேயிலை நிறுவனம் 1929-இல் தோட்டம் தொடங்கியது. அங்கே கொழுந்து பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் ஒரு வகையில் வெளிநாட்டில் சமைத்தவர்களே. மிளகாய், மல்லி, பூண்டை நீர் தெளித்து அம்மியில் அரைத்த விழுதுதான் அன்றைய கறி பேஸ்ட்.  அதை முதலில் எண்ணெயில் வதக்குவதுண்டு.

ஏன் வதக்கணும்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் பலவும் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. அதனால்தான் அங்கே பருப்பு வேக நேரமாகும்.

உங்கள் ஊரில் அந்த வரம்பு 100 டிகிரி, அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணெய் மட்டும் இதைத் தாண்டிச் சூடேறும். பேஸ்ட்டில் உள்ள ஈரம் வற்றிய பிறகே மசாலா நன்றாக வதங்கும், பூண்டின் பச்சை வாசனை போகும், மிளகாயின் நிறமும் மணமும் எண்ணெயில் இறங்கும். "எண்ணெய் பிரியணும்" என்று பாட்டி சொல்வது இதைத்தான்.

15 நிமிட சார்டின் கறி

• 2 மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு வெங்காயத்தை வதக்குங்கள்.
• 2 மேசைக்கரண்டி பேஸ்ட் போட்டு, சிறு தீயில் 4-5 நிமிடம் கிளறுங்கள். அடிப்பிடித்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம்.
• எண்ணெய் பிரிந்ததும் ஒரு தக்காளி, சிறிய டின் சார்டின், அரை கப் தண்ணீர். 5 நிமிடம் கொதித்தால் போதும்.
• பேஸ்ட்டில் ஏற்கெனவே உப்பு இருக்கும். ருசி பார்த்துக் கடைசியில் சேருங்கள்.

சைவமா? மீனுக்குப் பதில் டின் கொண்டைக்கடலை.

வீட்டு விழுதை எடுத்துப் போகலாமா?

இங்கேதான் கவனம் தேவை. பூண்டு சேர்த்து எண்ணெயில் வைத்த வீட்டு விழுது, வெளியே கிடந்தால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் நச்சு உருவாகலாம். வாசனையில் வித்தியாசம் தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள், மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வையுங்கள்.

விமானப் பயணத்துக்கு மசாலாத் தூளே நல்லது. போன இடத்தில் அரைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குள் நுழையும்போது உணவுப் பொருளை அறிவிக்கவும் மறக்காதீர்கள்.

அடுத்த முறை வீட்டிலிருந்து போன் வந்து "பசியாறியாச்சா?" என்று கேட்டால், தயங்காமல் பதில் சொல்லலாம்.